எந்த நாடு என்றாவது போட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில், விடுமுறையில் வெளிநாடு போய்த் தொண்டு செய்துவிட்டு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பக்கத்தின் பாதிக்குப் பெரிய படம். நடுவில் ஒரு தம்பி, அவரைச் சுற்றி இருபது இருபத்தைந்து குழந்தைகள், கீழே 'ஆப்பிரிக்கக் குழந்தைகளுடன்' என்று ஒரு வரி. கட்டுரையை இரண்டு தடவை படித்துவிட்டேன், அது எந்த நாடு என்று ஒரு இடத்திலும் இல்லை. பதினைந்து நாள் தங்கினார், பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடித்தார், அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு விளையாடினார், தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மனசோடுதான் போயிருப்பார். ஆனால் கடைசியில் 'நீங்களும் போகலாம்' என்று போட்டு, அதற்கு ஏற்பாடு செய்து தருகிற கம்பெனிகள் இருக்கின்றன, இத்தனை லட்சம் ஆகும் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாதியைத்தான் போட முடியும் என்றால் பம்பு பற்றிய பகுதியை மட்டுமாவது போடுங்கள்.

நான் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரி. சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ஏழு வருஷம் குடிநீர்த் திட்ட வேலைகளில் இருந்தேன். 2017 ஜனவரியிலிருந்து 2019 ஜனவரி வரை ஜாம்பியா நாட்டின் வடக்கே, லுவாபுலா மாகாணத்தில், மாகாணத் தலைநகர் மான்சாவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் தண்ணீர் வேலைக்குத் தன்னார்வலராக இருந்தேன். ஒரு பன்னாட்டு அமைப்பு அனுப்பியது. நான் அவர்களுக்கு ஒரு பைசா கட்டவில்லை, அவர்களும் சம்பளம் என்று எதுவும் தரவில்லை. அந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற அளவுக்கு மாதாமாதம் ஒரு தொகை அந்த நாட்டுப் பணமான குவாச்சாவில் வரும், தங்க ஒரு வீடு, போய்வர ஒரு சைக்கிள். ஜாம்பியா நம் தமிழ்நாட்டைப் போலக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு பெரிய நாடு, ஜனம் மொத்தமே சுமார் இரண்டு கோடிதான். தலைநகர் லுசாகாவிலிருந்து மான்சா போக பஸ்ஸில் ஒரு முழு நாள் ஆகும், அங்கிருந்து என் கிராமத்துக்கு செம்மண் ரோடு, மழைக்காலத்தில் அதுவும் பாதி நாள் இருக்காது.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரையில் இல்லாதது அதுதான். ஐந்து மணிக்கே வாசல் பெருக்கும் சத்தம் கேட்கும். வீட்டைச் சுற்றி மண் தரையை ஒரு இலை இல்லாமல் பெருக்கி வைப்பார்கள், கோலம் ஒன்றுதான் குறை, மற்றபடி நம் ஊர் விடியற்காலைதான். நான் எழுந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா 'முவாஷிபுகேனி' என்பார். எழுந்துவிட்டீர்களா என்று அர்த்தம். நான் பதில் சொல்லி, அவர் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர் என் வீட்டில் (பொள்ளாச்சியில்!) எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கு அப்புறம்தான் வேறு பேச்சு. வழியில் யாரைப் பார்த்தாலும் இதுதான். சைக்கிளில் நாலு கிலோமீட்டர் போக முதல் மாதம் ஒன்றரை மணி நேரம் ஆனது, ஒவ்வொரு இடத்திலும் இறங்கி விசாரிக்காமல் போனால் அது மரியாதைக் குறைவு. யார் வீட்டுக்குப் போனாலும் 'முவாய்செனி' என்பார்கள், வந்தீர்களா, வாங்க என்பது போல. பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'பா' சேர்க்க வேண்டும், ஒருவரைப் பலராகச் சொல்கிற மரியாதை அது, நாம் 'ங்க' போடுகிற மாதிரியே. பிள்ளை பெற்றவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அவன் அம்மா என்பார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித் தரவில்லை, தப்பாகப் பேசி அந்த அக்காவிடம் திருத்தம் வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டதுதான்.

சாப்பாடு எனக்குக் கஷ்டமாக இல்லை. மாவைக் கொதிநீரில் போட்டுக் கிண்டிக் களியாக்குவார்கள், நாட்டின் மற்ற பக்கங்களில் அதிகமும் மக்காச்சோள மாவு, லுவாபுலாவில் பெரும்பாலும் மரவள்ளி மாவு. கிழங்கை உரித்துத் தண்ணீரில் மூன்று நாலு நாள் ஊறப் போட்டு, அதிலிருக்கும் விஷத்தன்மை போன பிறகு காயவைத்து இடிப்பார்கள். ஊறப்போட்ட கிழங்கின் புளித்த வாசம் எங்கள் தெருவில் எப்போதும் இருக்கும். மரவள்ளி இலையையும் விடமாட்டார்கள், இடித்து, நிலக்கடலைப் பொடி போட்டுக் கொதிக்க வைத்தால் அதுதான் குழம்பு, கதாபா என்று பெயர். சேலத்துப் பக்கம் அவ்வளவு மரவள்ளி போடுகிறோம், இலையை நாம் சமைத்து நான் பார்த்ததில்லை. கபெந்தா என்று ஒரு பொடி மீன் கருவாடு, நம் நெத்திலி மாதிரியேதான். கை கழுவத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், ஒரே தட்டிலிருந்து எல்லோரும் வலது கையால் கிள்ளி உருட்டிச் சாப்பிடுவோம். பக்கத்து மாவட்டத்தில் இருந்த அமெரிக்கத் தன்னார்வலப் பெண் அந்த உருட்டலைப் பழக மாதக்கணக்கில் ஆனது என்றாள், நான் ராகிக் களி சாப்பிட்டு வளர்ந்தவள், முதல் நாளே வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டுப் பாட்டிக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது.

சிக்னல் ஊருக்குள் கிடைக்காது. ஊர்க் கோடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கரையான் புற்று, அதன் மேல் ஏறி நின்றால் ஏர்டெல் ஒரு கோடு வரும். ஆமாம், நம் ஏர்டெல்தான், 2010ல் ஆப்பிரிக்காவில் பதினைந்து நாட்டு வியாபாரத்தை வாங்கினார்கள், அதில் ஜாம்பியாவும் ஒன்று. நம் ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுகிறவர்கள் நாம், அதனால் நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவேன், ஏன் என்று கேட்ட பிள்ளைகளுக்குச் சொன்னேன், அதற்கப்புறம் சில பிள்ளைகளும் கழற்ற ஆரம்பித்தார்கள். அங்கே நின்றுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசுவேன். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அம்மா படுக்கப் போகும் நேரம் எனக்கு அந்தி.

இனி பம்புக்கு வருகிறேன்.

ஊருக்குள் நுழைந்த அன்றே அதைப் பார்த்தேன், பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் நிற்கிற அதே அடிபம்பு. அதே பெட்டித் தலை, அதே நீளக் கைப்பிடி, உள்ளே அதே செயின். இந்தியா மார்க் 2 என்று பெயர். 1970களில், நாடெங்கும் போட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் உடைந்து உடைந்து நின்றபோது, சோலாப்பூரில் இருந்த ஒரு பம்பை அடிப்படையாக வைத்து யுனிசெஃப் உதவியோடு இங்கே உருவாக்கினார்கள், சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்கிற அரசு நிறுவனம் தயாரித்தது. யாரும் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்காததால் உலகமெங்கும் போனது, ஜாம்பியாவில் கிராமம் கிராமமாக இருக்கிறது. 1980களில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில்தான் இதை வைத்துப் பல வருஷம் சோதனை செய்து, பைப்பைத் தூக்காமலே வாஷர் மாற்றக்கூடிய மார்க் 3ஐ உண்டாக்கினார்கள். கோயம்புத்தூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிட்டத்தட்ட ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் நம்ம ஊர் பம்பைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அது ஓடவில்லை. நாலு மாதமாக நின்று கிடந்தது, பெண்கள் இறக்கத்தில் இருக்கும் சதுப்பு ஓடைக்குப் போய்க் கொண்டிருந்தார்கள், போகவும் வரவும் ஒரு மணி நேரம், தலையில் 20 லிட்டர் கேன். நானும் போனேன், எனக்குப் பத்து லிட்டர்தான் முடிந்தது, பத்து வயதுப் பெண் என்னைத் தாண்டி நடப்பாள்.

வந்த மூன்றாவது வாரம் பம்பைப் பிரித்தேன். மார்க் 2வில் கீழே இருக்கும் சிலிண்டரின் வாஷரை மாற்ற வேண்டும் என்றால் எல்லாப் பைப்பையும் மேலே எடுக்க வேண்டும். பத்து ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), ஒவ்வொன்றும் மூன்று மீட்டர், பைப்பும் ராடும் உள்ளே நிற்கிற தண்ணீருமாகச் சேர்த்தால் நூற்றைம்பது கிலோ. ஆறு பேர் பிடித்தார்கள், நான் ஸ்பேனரோடு நின்றேன். வாஷர் தேய்ந்து போயிருந்தது, நான் கொண்டு போனதைப் போட்டேன், பைப்புகளை இறக்கினோம், அடித்தோம், இருபது அடி அடித்ததும் தண்ணீர் வந்தது. ஊரே கூடி நின்று பாடினார்கள். குழந்தைகள் நனைந்துகொண்டு ஓடினார்கள், யாரோ என் போனை வாங்கிப் படம் எடுத்தார்கள். நடுவில் நான், என்னைச் சுற்றி இருபது இருபத்தைந்து குழந்தைகள்.

ஆசிரியர் அய்யா, அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. நான் பதினைந்து நாளோ ஒரு மாதமோ இருந்துவிட்டுத் திரும்பியிருந்தால் அந்தப் படத்தைத்தான் உங்களுக்கு அனுப்பியிருப்பேன், நீங்களும் போட்டிருப்பீர்கள், அதில் ஒரு பொய்யும் இருந்திருக்காது. ஆனால் ஆறே வாரத்தில் அந்தப் பம்பு மறுபடி நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்றால், பிரச்சினை வாஷரில் இல்லை. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் அமிலத்தன்மை அதிகம், ஜிஐ பைப்பை அது உள்ளிருந்தே தின்றுவிடும். இரண்டாவது தடவை தூக்கியபோது பைப்பில் பல இடத்தில் ஊசி ஓட்டை, அடிக்கிற தண்ணீர் பாதியிலேயே ஒழுகிக் கீழே போய்விடுகிறது. இதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டிருக்கலாம், பெண்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் காலையில் சிவப்பாக வருகிறது, அதில் டீ போட்டால் கறுத்துவிடுகிறது, வெள்ளைத் துணி துவைத்தால் மஞ்சளாகிறது என்று சொன்னார்கள். இரும்புத் துரு கலந்த தண்ணீரில்தான் டீ கறுக்கும், குடிநீர் வேலையில் ஏழு வருஷம் இருந்தவளுக்கு அது போதும். ஆனால் அவர்கள் அந்த ஊர் பாஷையான பெம்பாவில் சொன்னார்கள், எனக்கு அப்போது விசாரிக்கத்தான் பெம்பா தெரியும், கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரியாது. நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். பம்பு நின்ற பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஒரு டம்ளர் கறுப்பு டீயைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

பைப் பத்தையும் துருப்பிடிக்காத எஃகில் மாற்ற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். என்னை அனுப்பிய அமைப்பிடம் கேட்டேன். புதிதாகப் போர்வெல் போட நிதி இருக்கிறது, பழசைச் சரிசெய்ய நிதித் தலைப்பு இல்லை என்றார்கள். புதிதாகப் போட்டால் திறப்பு விழா நடத்தலாம், கொடுத்தவர் பெயரைப் பலகையில் போடலாம், பைப் மாற்றினால் எதைத் திறப்பது? நான் எட்டு மாதம் கடிதம் எழுதினேன். எட்டு மாதமும் பெண்கள் ஓடைக்குப் போனார்கள். கடைசியில் சம்மதித்தார்கள், அதுவும் பாதிப் பைப்புக்கு, மீதியை ஊர் போட வேண்டும் என்று. கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை, தொண்டு அமைப்புகளுக்குப் பணம் கொடுக்கிற உங்கள் வாசகர்கள் 'ஏற்கெனவே இருக்கிறதைப் பராமரிக்க எவ்வளவு செலவு செய்கிறீர்கள்' என்று ஒரு கேள்வி கேட்டாலே பல விஷயம் மாறும்.

ஊர் போட வேண்டிய பணம் வேறு ஒரு கதை. கிராமத்துக்கு ஒரு தண்ணீர்க் குழு உண்டு, அதில் பெண்களும் இருப்பார்கள், வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூல் செய்து பொருளாளர் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்பார். நான் மான்சாவுக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் பெட்டி காலி. கூட்டத்தில் நான் சத்தம் போட்டுவிட்டேன். தண்ணீர்ப் பணத்தை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன் என்று, அத்தனை பெரியவர்கள் முன்னால், உட்காராமல் நின்றபடி. பொருளாளர் அம்மா பதில் பேசவில்லை. நோட்டைத் திறந்து காட்டினார். பிரசவ வலியில் இரண்டு நாளாகக் கிடந்த பெண்ணை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வாடகை வண்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள், தேதி, தொகை, வண்டிக்காரர் கைநாட்டு எல்லாம் இருக்கிறது, அன்றைக்கு ராத்திரியே குழுவைக் கூட்டி முடிவெடுத்து ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். நான் அடுத்த நாள் அந்த அம்மா வீட்டுக்குப் போய், அங்கே வழக்கப்படி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்து, அடுப்பில் இருந்த சக்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். மாதாமாதம் காசு என்பது எங்களுக்கு ஒத்துவராது, காசு எங்களிடம் வருஷத்தில் சில மாதம்தான் இருக்கும், ஏப்ரல் மே மாதத்தில் கடலை பிடுங்கும்போது வீட்டுக்கு இத்தனை படி கடலை தருகிறோம், குழு அதை விற்றுப் பணமாக வைக்கட்டும் என்றார்கள். எனக்குக் கொடுத்த கையேட்டில் மாதச் சந்தா என்றுதான் இருந்தது. நம் ஊரில் களத்துமேட்டில் கோவிலுக்கும் ஊர்த் தொழிலாளிக்கும் தானியம் அளந்த பழக்கத்தைக் கேள்விப்பட்டவள் நான், எனக்கே இது தோன்றவில்லை. 2018 அறுவடையில் வந்த கடலையை விற்றதில் மீதிப் பைப்புக்கான பணம் சேர்ந்தது. பைப் இறக்கிய அன்றைக்கு நான் ஸ்பேனரைத் தொடவில்லை. அதற்குள் மூன்று பெண்களும் ஒரு பையனும் என்னோடும், அந்த வட்டாரத்துக்கே சைக்கிளில் சுற்றிப் பம்பு சரிசெய்கிற ஒரு பெரியவரோடும் வேலை கற்றிருந்தார்கள், அவர்கள்தான் பூட்டினார்கள். அன்றைக்கு யாரும் பாடவில்லை, படமும் எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் வரிசையில் கேனை வைத்துவிட்டு அவரவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் டீயை அந்த அக்கா போட்டார், சிவப்பாக இருந்தது.

இதற்கு இடையில் எனக்கு மலேரியா வந்தது, இரண்டு தடவை. முதல் தடவை எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு கோஆர்டெம் மாத்திரை கொடுத்தார், மூன்று நாளில் ஆறு வேளை, வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்புச் சத்தோடு சாப்பிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா ஆறு வேளையும் நிலக்கடலை அரைத்து ஊற்றிய கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தார், ராத்திரி வேளைக்கும் எழுந்து வந்தார். ஊரில் யாராவது ஒருத்தர் மாற்றி மாற்றி என் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு வருவதற்காகப் போனவள் நான், எனக்காக மூன்று நாள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள். தன்னார்வலராகப் போகிறவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. ஊர் உங்களைத் தாங்கும். தாங்குவதற்கு அவர்களுக்குச் செலவாகும், நேரமாகும். பதினைந்து நாளைக்கு ஒரு கூட்டம் வந்து போனால், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவரை அவர்கள் தாங்க வேண்டும், அந்த ஆள் வேலைக்கு ஆகும் முன்னால் கிளம்பிவிடுவார்.

துக்க வீடு பற்றியும் ஒரு வார்த்தை. யாராவது இறந்துவிட்டால் ஊரில் எந்த வேலையும் நடக்காது, பெண்கள் அந்த வீட்டிலேயே பல நாள் படுத்துக்கொள்வார்கள், எல்லோரும் மாவும் விறகும் கொண்டு போவார்கள். நான் போன முதல் மூன்று மாதத்தில் ஐந்து துக்கம். வேலை தள்ளிப்போகிறது என்று லுசாகாவில் இருந்த அதிகாரி கவலைப்பட்டார், எனக்குக் கவலையாக இல்லை, துக்கத்துக்குப் போகாதவளை ஊர் எப்படி நம்பும்? நம் கிராமத்தில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், 2017 அக்டோபரில் லுசாகாவில் காலரா ஆரம்பித்தது, அடுத்த சில மாதத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் வந்தது, ஜனவரியில் நாடு முழுக்கப் பள்ளி திறப்பதைத் தள்ளிவைத்தார்கள். அந்த மாதங்களில்தான் எங்கள் ஊர் ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. நான் தினமும் வீடு வீடாகப் போய்க் குளோரின் போட்டார்களா என்று பார்த்தேன். எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆனால் அந்த எட்டு மாதக் கடிதப் போக்குவரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு நாள் பம்பு வேலை கற்ற பெண்களிடம், இது எங்கள் ஊரில் சோதித்த பம்பு, எங்கள் தெருவிலும் நிற்கிறது என்றேன். அப்படியானால் உங்கள் ஊரில் தண்ணீருக்குக் கஷ்டமே இருக்காது என்றாள் ஒருத்தி. இல்லை, பம்பு இருக்கிறது, தண்ணீர் இல்லை, எங்கள் பக்கத்தில் இப்போது ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறார்கள், கைப்பம்பால் அவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்க முடியாது என்றேன். அவர்கள் ஊரில் பதினைந்து மீட்டரில் தண்ணீர் நிற்கிறது. ஆயிரம் அடியை மீட்டரில் கணக்குப் போட்டுச் சொன்னதும் நான் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்து மறுபடி மறுபடி கேட்டார்கள். பிறகு அதில் மூத்தவள், அவ்வளவு தண்ணீரையும் யார் எடுத்தார்கள் என்று கேட்டாள். தென்னைக்கு என்று சொன்னேன், மில்லுக்கு, வீட்டுக்கு, எல்லோரும்தான் என்றேன். இவர்களுக்கு நாம் கற்றுக் கொடுக்கிறோம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும்.

சரி, போகவே கூடாதா என்றால் நான் அப்படிச் சொல்லவில்லை. என் வாழ்க்கையின் நல்ல இரண்டு வருஷம் அது, நம் பிள்ளைகள் போக வேண்டும், நிறையப் பேர் போக வேண்டும். கையில் ஒரு தொழிலோடு போக வேண்டும். நர்ஸ், லேப் டெக்னீஷியன், கணக்கு வாத்தியார், வேளாண் டிப்ளமோ, மோட்டார் மெக்கானிக், இவர்களுக்கு அங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறது, ஒரு வருஷமாவது இருக்க வேண்டும், அந்த ஊர் பாஷையைக் கற்க வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970ல் பொதுச்சபைத் தீர்மானத்தால் வந்தது, ஜெர்மனியின் பான் நகரில் தலைமையகம், அதற்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை, தங்கவும் சாப்பிடவும் அவர்களே படி தருகிறார்கள். பிரிட்டனில் 1958ல் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்கிற தன்னார்வலர் அமைப்பு வளரும் நாடுகளிலிருந்தும் ஆட்களை எடுத்து வேறு நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. நாமே ஒரு காலத்தில் தன்னார்வலர்களை வாங்கிக்கொண்ட நாடுதான், 1961லிருந்து 1976 வரை அமெரிக்க அரசின் தன்னார்வலர் திட்டமான பீஸ் கோர் ஆட்கள் இந்தியக் கிராமங்களில் கோழிப் பண்ணை, பள்ளிக்கூடம் என்று இருந்தார்கள். உங்கள் வாசகர்களில் வயதானவர்கள் யாராவது அவர்களைப் பார்த்திருப்பார்கள், அவர்களிடம் கேட்டு ஒரு கட்டுரை போடுங்கள், வந்தவர்களில் யாரை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள், ஏன் என்று. லட்சம் கட்டிப் போகிற பதினைந்து நாள் பயணத்தைவிட அது பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும்.

கம்பெனி மூலமாகத்தான் போவேன் என்கிறவர்கள், உங்களை வரச்சொல்லிக் கேட்டது யார், அந்த ஊர்க்காரர்களா, கம்பெனியா என்று கேளுங்கள். அந்தச் சுவருக்கு வண்ணம் அடிக்க அந்த ஊரில் பெயிண்டர் இல்லையா என்று கேளுங்கள். கட்டுகிற பணத்தில் ஊருக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அனாதை இல்லம் என்றால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள், வெளிநாட்டு விருந்தாளிகளும் அவர்கள் பணமும் வருவதாலேயே குழந்தைகளைச் சேர்க்கிற இடங்கள் உண்டு. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே குழந்தை உரிமைத் தீர்மானத்தில், அனாதை இல்லங்களில் தன்னார்வத் தொண்டு என்று நடப்பதால் வரும் கேடுகளைத் தடுக்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பதினைந்து நாளைக்கு ஒரு புது அண்ணன் வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விடுவார், அடுத்த பதினைந்து நாளைக்கு வேறு ஒருவர். நம் வீட்டுக் குழந்தையை அப்படி விடுவோமா?

நான் திரும்பி வந்து இத்தனை வருஷம் ஆகிறது. வேலை கற்ற நாலு பேரில் ஒருத்தி கல்யாணமாகித் தாமிரச் சுரங்கப் பக்கம் போய்விட்டாள், பையன் லுசாகாவுக்கு. இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், பக்கத்துக் கிராமங்களின் பம்புகளையும் அவர்கள்தான் பார்க்கிறார்கள். அதில் மூத்தவள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் புற்று மேல் ஏறி எனக்குக் குரல் செய்தி அனுப்புவாள். போன வாரம் வந்ததில் செயின் மாற்றினோம், பேரிங் மாற்றினோம், பெட்டியில் இவ்வளவு இருக்கிறது என்று கணக்குச் சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் மழை பெய்ததா, அந்தப் பம்பில் தண்ணீர் வந்ததா என்று கேட்டிருந்தாள்.

படத்தில் இருக்கிற அந்தக் குழந்தைகள் எந்த நாடு, எந்த ஊர் என்று அந்தத் தம்பியிடம் கேட்டு அடுத்த ஞாயிறு இணைப்பிதழில் ஒரு வரி போடுங்கள். படம் போடலாமா என்று அவர்கள் வீட்டில் யாரையாவது கேட்டார்களா என்பதையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பொள்ளாச்சி வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்